உயிரோடு இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கருமாதி

நான் உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒரு முறை லைஃப் சர்டிபிகேட் கொடுத்தால்தான் எனக்குப் பென்ஷன் வரும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற என் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வதில் என்ன நியாயம்?

விஷயம் இதுதான். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கொள்ளலாம், அவ்வளவுதான். பிறகு 11க்குப் போக வேண்டும். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, அதாவது 2017க்குப் பிறகு வந்த பிராசசர் வேண்டும். விதிவிலக்குகள் மிகச் சில. நான் வாங்கியது 2014ல். ஐ3 பிராசசர், 4 ஜிபி நினைவகம்.

கடைக்காரரிடம் கொண்டு போனேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார், இது குப்பை. எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுங்க" என்றார். மகனும் போனில் அதையே சொன்னான். "எழுபது வயசுல இதோட ஏம்பா மல்லுக்கட்டறீங்க?"

பழையதற்கு ஆயுசு முழுக்க வைத்தியம் பார் என்று நான் கேட்கவில்லை. பத்து வருடம் திருத்தம் கொடுத்தார்கள், சரி. ஆதரவு நின்ற பிறகும் அதிலேயே பேங்க் கணக்கைத் திறப்பது ஆபத்து என்பதும் எனக்குத் தெரியும். பூட்டு பழசாகிவிட்டது, மாற்று என்றால் மாற்றுகிறேன். வீட்டையே இடித்துக் கட்டு என்றால்?

இது என் ஒருவன் பிரச்சினை இல்லை. 2011 முதல் நம் அரசு பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. ஆரம்ப வருடங்களில் கொடுத்தவை ஒன்றுகூட இந்த நிபந்தனைக்குள் வராது. அந்த வீடு வாங்கிய முதல் கம்ப்யூட்டரும் கடைசிக் கம்ப்யூட்டரும் அதுவாக இருக்கலாம். அதையும் எடைக்குப் போடச் சொல்வார்களா?

வீம்புக்கு லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்த்தேன். அதில் மூன்று வகை உண்டு. எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஈ வகையை எதிர்வீட்டுப் பையன் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். ஹார்டு டிஸ்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. இரண்டு நாள் அப்படி ஓட்டிவிட்டு, கோப்புகளையெல்லாம் வெளி டிஸ்கில் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகுதான் நிறுவினேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மெனு பழையபடி இடது மூலையில் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபிஸும் கூடவே வந்துவிட்டன. காசு ஒரு பைசா இல்லை. தமிழ்99 விசைப்பலகையைக் கொண்டுவர அரை நாள் போனது. யூனிகோடு வருவதற்கு முன் டாப் எழுத்துருவில் தட்டிய கட்டுரைகள் பூச்சி பூச்சியாகத் திறந்தன. பழைய எழுத்துருக் கோப்பைத் தேடி எடுத்துப் போட்டதும் எழுத்து தெரிந்தது. கைரேகைக் கருவி மட்டும் கடைசி வரை மசியவில்லை. லைஃப் சர்டிபிகேட்டை மொபைலில் முகத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஆக, எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். டாலி போடுகிறவர்களும், விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருளை வைத்துப் பிழைக்கிறவர்களும் யோசித்துச் செய்யுங்கள். ஆனால் கடிதம் எழுத, செய்தி படிக்க, பேரனோடு வீடியோவில் பேச என்று இருக்கும் என் போன்றவர்களுக்கு இது தாராளமாகப் போதும்.

கடைக்காரர் குப்பை என்று சொன்ன பெட்டியில்தான் இதைத் தட்டிக் கொண்டிருக்கிறேன். எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அதுவும் ஒரு லைஃப் சர்டிபிகேட்தான். நமக்குக் கிடைக்கிற அந்த ஒரு வாய்ப்பை அதற்கும் கொடுப்போமே.