கருவண்டுக்கு ஒரு பச்சை வியாதி

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் நம் கரையோரத்தில் தென்னையில்லாத வளவு மிகக் குறைவு. மருதமுனையாயினும் சாய்ந்தமருதாயினும், நிந்தவூராயினும் அக்கரைப்பற்றாயினும், வாசலில் இரண்டும் கொல்லையில் நான்குமாகத் தென்னைகள் நிற்பதைக் காணலாம். அவற்றின் வட்டைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். சில ஓலைகள் கத்தரிக்கோல் கொண்டு நறுக்கினாற்போல் முக்கோண வடிவில் வெட்டுண்டு, விசிறிபோல் விரிந்திருக்கும். அவ்வடையாளத்தை இட்டது காற்றுமன்று, காகமுமன்று. அது கருவண்டின் கையொப்பம்.

இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் கருவண்டு மாத்திரமன்று. அதனைக் கொல்லவல்ல ஒரு பூஞ்சணமுமாகும். ஊறுகாய்ப் பரணியிலும் பழைய பாணிலும் படர்ந்து நமக்கு எரிச்சலூட்டும் பூஞ்சணத்தின் உறவினமொன்று, நம் தென்னைக்குக் காவலனாக நிற்கக்கூடும் என்பது வியப்பன்றோ? ஆயினும் அக்காவலனிடம் வேலை வாங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்நிபந்தனையே இக்கட்டுரையின் உயிர்நாடி.

நஞ்சு எட்டாத இடம்

கருவண்டின் வாழ்க்கை இரு வீடுகளில் நடைபெறுகின்றது. வளர்ந்த வண்டு இரவிலே பறந்து வந்து, விரியாத குருத்தைத் துளைத்து உள்ளே நுழைந்து சாற்றை உறிஞ்சுகின்றது. மடிந்திருந்த குருத்து பின்னர் விரியும்போதுதான் வெட்டின் வடிவம் நமக்குத் தெரிகின்றது. துளை ஆழமாகச் சென்று நடுக்குருத்தின் உயிர்ப்பாகத்தைத் தொட்டுவிட்டால் இளங்கன்று பிழைப்பதில்லை. அப்புண்ணின் வழியே செவ்வண்டும் உள்ளே குடிபுகுமாயின் வளர்ந்த மரமும் சாயும்.

ஆனால், அந்த வண்டு பிறந்ததும் வளர்ந்ததும் தென்னையில் அன்று. சாணக் குவியல், எருக்குழி, மரத்தூள் மேடு, உக்கிப்போன தென்னங்குற்றி ஆகியவற்றிலேயே பெண்வண்டு முட்டையிடுகின்றது. அங்கே வெண்ணிறமாய், வளைந்த உடலோடு, பெருவிரல் பருமனில் கிடக்கும் குடம்பிகளைத் தோட்டம் கொத்தும்போது பலரும் கண்டிருப்பீர்கள். மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை அக்குடம்பி உக்கலைத் தின்று கொழுக்கின்றது. அது மரத்துக்கு எவ்விதத் தீங்கும் செய்வதில்லை. தீங்கு அதற்குச் சிறகு முளைத்த பின்னரே தொடங்குகின்றது.

இதனால்தான் நஞ்சு தெளிப்பவர் தோற்றுப்போகின்றார். வண்டு குருத்தின் உள்ளே. குடம்பியோ குப்பையின் உள்ளே. இரண்டிடத்தும் தெளிநீர் எளிதிற் செல்லாது. நம் முன்னோர் வளைந்த இரும்புக் கம்பியால் வண்டைக் குத்தி இழுத்தனர். மணலும் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மட்டை இடுக்குகளில் இட்டனர். இவை இன்றும் பயன் தரும் முறைகளே. எனினும் மரத்திலுள்ள ஒன்றை நீக்குவதற்குள் குப்பையிலிருந்து பத்து எழுந்துவிடுகின்றன.

தோலைத் துளைக்கும் வித்தி

1879ஆம் ஆண்டில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ருசிய விஞ்ஞானி மெச்னிகோவ், ஒடெசா நகர்ப் பகுதியில் கோதுமைப் பயிரை அழித்த வண்டின் குடம்பிகளை ஆராய்ந்தார். அவற்றுட் சில பச்சைத் தூள் போர்த்து இறுகிக் கிடந்தன. அத்தூள் ஒரு பூஞ்சணத்தின் வித்திகளே எனக் கண்ட அவர், அதனை வேண்டுமென்றே வளர்த்துப் பீடைகளின்மீது ஏவலாம் என்ற எண்ணத்தை வெளியிட்டார். அப்பூஞ்சணமே இன்று மெற்றாறைசியம் எனப்படுவது. இதற்கு முன்னரே, 1835இல், இத்தாலியரான அகொஸ்தினோ பாசி, பட்டுப்புழுக்களை மடித்த வெள்ளை நோய்க்குப் பூஞ்சணமே காரணம் என நிறுவியிருந்தார். பட்டு வளர்ப்போருக்குப் பகையாகத் தோன்றிய அந்த வெள்ளைப் பூஞ்சணம், பாசியின் பெயரையே தாங்கி, பியூவேரியா பாசியானா என்னும் பெயருடன் உழவருக்கு நண்பனாய் மாறிற்று.

இப்பூஞ்சணங்கள் கொல்லும் விதம் தனிச்சிறப்புடையது. பெரும்பாலான கிருமிகள் பூச்சியின் வாய்வழியே உட்செல்லவேண்டும். பூஞ்சணத்துக்கு வாய் வேண்டியதில்லை. அதன் வித்தி பூச்சியின் தோலில் ஒட்டிக்கொள்கின்றது. ஈரம் கிடைத்ததும் முளைக்கின்றது. முளையின் நுனி தட்டையாகப் பரந்து இறுகப் பற்றி, ஒருபுறம் தோலைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்தும், மறுபுறம் ஆணி அறைவதுபோல் அழுத்தியும் உள்ளே புகுகின்றது. பின்னர் பூச்சியின் குருதியில் பல்கிப் பெருகிச் சத்தை உண்டு, நச்சுப்பொருளையும் விடுகின்றது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ பூச்சி மடிகின்றது. உடல் விறைத்தபின் முதலில் வெண்பஞ்சு போலவும், அதன்மேற் பாசிப்பச்சைத் தூளாகவும் பூஞ்சணம் வெளியே வருகின்றது. அத்தூளில் அடுத்த தலைமுறையின் கோடிக்கணக்கான வித்திகள் காத்திருக்கின்றன.

மெற்றாறைசியத்தின் இனங்களுள் பெரிய வித்திகளையுடைய மேஜஸ் என்னும் இனம் கருவண்டின் குலத்தையே சிறப்பாகப் பற்றுகின்றது. இருளும் ஈரமும் மிதமான வெப்பமும் அதற்கு உகந்தவை. எருக்குழி அம்மூன்றையும் அளிக்கின்றது. நஞ்சு எட்டாத இடமே பூஞ்சணத்தின் பிறந்தகம்!

இலங்கையிலிருந்து சமோவாவுக்கு

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்குண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கன்று. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுகளில் முன்பு கருவண்டு இருந்ததில்லை. 1909ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இறப்பர்க் கன்றுகளோடு அது அங்கே சென்று இறங்கிற்று. இயற்கை எதிரிகள் இல்லாத புதுமண்ணில் அது கட்டுக்கடங்காது பெருகியது. அப்போது சமோவாவை ஆண்டவர் ஜெர்மானியர். கார்ல் பிரிடெரிக்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், உக்கற் குவியல்களை வேண்டுமென்றே அமைத்து, அவற்றிற் பச்சைப் பூஞ்சணத்தைக் கலந்து, முட்டையிட வரும் வண்டுகளுக்குப் பொறி வைத்தார். முதலாம் உலக மகாயுத்தம் மூளுமுன் நடந்த முயற்சி இது.

முயற்சி முழு வெற்றி பெறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பூஞ்சணம் தான் இடப்பட்ட குவியலிற் கொன்றது. இடப்படாத குவியலுக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. 1963இல் மலாயாவில் அலோய்ஸ் ஹியூகர் என்பவர் கருவண்டைத் தாக்கும் வைரசு ஒன்றைக் கண்டுபிடித்து, அது 1967இல் சமோவாவில் விடப்பட்ட பின்னரே வண்டின் பெருக்கம் அங்கே தணிந்தது. ஒரு துணைவன் போதாதெனில் இருவரைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்பதே இதிற் பெறும் பாடம்.

பூச்சிகொல்லிப் பூஞ்சணங்கள் நம் நாட்டிலும் விரிவாக ஆராயப்பட்டன. 1905இல் பேராதனைப் பூந்தோட்டத்திற்குப் பூஞ்சண இயலாளராக வந்து, 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளருமான தோமஸ் பெச் என்பவர், செதிற் பூச்சிகளிலும் பிறவற்றிலும் வளரும் பூஞ்சணங்களை வகைப்படுத்தி எழுதிய ஆய்வுகள் உலகறிந்தவை.

சோற்றில் வளரும் படை

அயலிலுள்ள கேரளத்தில் இம்முறை வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. காயங்குளத்தில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையத்தார், அரைவேக்காட்டுச் சோற்றில் இப்பூஞ்சணத்தை வளர்க்கும் முறையைக் கிராமப் பெண்கள் குழுக்களுக்குப் பயிற்றுவித்தனர். சோற்றைப் பைகளில் இட்டு, நீராவியில் அவித்துக் கிருமி நீக்கி, ஆய்வுகூடத்திலிருந்து பெற்ற தூய வித்தை அதிற் சேர்த்து நிழலில் வைத்தால், ஏறத்தாழ இரு வாரங்களில் வெள்ளைச் சோறு பச்சைச் சோறாகின்றது. வீணே ஓடும் தேங்காய்த் தண்ணீரிலும் இது வளரும். அதனை நீரிற் கரைத்து எருக்குவியலில் ஊற்றிக் கலக்கின்றனர். ஒரு கன மீற்றர் எருவிற்கு அவர்கள் விதித்த அளவு 50,000 கோடி வித்திகள். எண்ணைக் கண்டு மலைக்கவேண்டாம். ஒரு வித்தி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது.

இங்கேதான் முற்கூறிய நிபந்தனை வருகின்றது. கருவண்டுக்கு வேலி தெரியாது. என் வளவின் எருக்குழியை நான் சுத்தம் செய்து பூஞ்சணமும் இட்டேன். அடுத்த வளவில் விழுந்த தென்னங்குற்றி மூன்று மாரிகளாக உக்குகின்றது எனில், என் உழைப்பின் பயன் என்ன? அங்கே பிறந்த வண்டு என் குருத்துக்கே வரும். கேரளத்தார் ஒரு தோட்டத்தை விட்டு, ஊர் முழுவதையும் ஒரே காலத்திற் சேர்த்துச் செய்யும் முறையை வலியுறுத்தியதன் காரணம் இதுவே. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் நம் கரையோர ஊர்களில் இவ்வுண்மைக்கு இருமடங்கு வலிமையுண்டு. மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வட்டாரத்தார் ஒன்றுகூடி, குற்றிகளை அகற்றி, குவியல்களைக் கிளறிக் குடம்பிகளைப் பொறுக்கி, எஞ்சிய எருவிற்குப் பூஞ்சணம் இடுவார்களாயின், அது ஒவ்வொருவர் தென்னைக்கும் செய்த உபகாரமாகும். ஆலோசனைக்கு லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் அணுகுதல் நலம்.

நுளம்புக்கும் இவ்வழி உண்டோ?

இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 1,86,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயினர் எனப் பதியப்பட்டனர். அக்கொடிய ஆண்டை மறந்த குடும்பம் நம்மிடையே இராது. ஆகவே, பூஞ்சணம் நுளம்பையும் கொல்லுமா என வாசகர் வினவுவது இயல்பே.

கொல்லும், ஆனால் மெதுவாக. இம்மெதுவே ஒரு நன்மை என்பதுதான் விந்தை. நோயாளியைக் கடித்த நுளம்பு உடனே டெங்கைப் பரப்ப இயலாது. வைரசு அதன் உடலில் முதிர்ந்து உமிழ்நீரை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாட்கள் செல்லும். மலேரியாக் கிருமிக்கும் ஏறக்குறைய அத்தனை நாட்கள் வேண்டும். அதற்குள் பூஞ்சணம் நுளம்பை வீழ்த்திவிடின், நோய் அடுத்தவரைச் சென்றடையாது. 2005இல் தன்சானியாவில் ஒரு கிராமத்தின் வீடுகளில், பூஞ்சணம் பூசிய கறுப்புப் பருத்தித் துணிகளைத் தொங்கவிட்டுப் பார்த்தனர். வீட்டினுட் பிடிக்கப்பட்ட மலேரியா நுளம்புகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று தொற்றுப் பெற்றிருந்தது. தொற்றுப் பெற்றவை விரைவில் மடிந்தன.

மெதுவாகக் கொல்வதில் இன்னொரு நுட்பமும் உண்டு. உடனே கொல்லும் நஞ்சு, அதனைத் தாங்கவல்ல சில பூச்சிகளை மாத்திரம் எஞ்சவிட்டு, அவற்றின் சந்ததியைப் பெருகச் செய்கின்றது. டி.டி.ரி. தெளித்ததனால் 1963இல் நம் நாட்டில் மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே என்ற நிலை வந்தது. விழிப்புத் தளர்ந்தது, 1960களின் இறுதியில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது, நுளம்பும் டி.டி.ரி.க்கு அஞ்சாத நுளம்பாயிற்று. முட்டையிட அவகாசம் கொடுத்து, முதுமையிற் கொல்லும் ஆயுதத்துக்கு எதிராகப் பூச்சி இத்தனை விரைவில் தேறாது என 2009இல் அன்ட்ரூ ரீட் முதலிய அறிஞர்கள் வாதிட்டனர். பிற்காலத்தில் நம் நாடு மலேரியாவை வென்று, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழும் பெற்றது நற்செய்தி.

எனினும் டெங்கைப் பொறுத்தவரையில், நீர் தேங்கும் சிரட்டையையும் டயரையும் அகற்றுவதே முதற் கடமை. பூஞ்சணம் அக்கடமைக்குத் துணை, மாற்று அன்று.

சில எச்சரிக்கைகள்

பூஞ்சணம் உயிருள்ள பொருள். வெயிலில் வைத்தால் இறக்கும். பழுதடைந்த பொதியால் பயனில்லை. வாங்கும்போது தயாரித்த நாளையும் முடிவு நாளையும் பார்த்து வாங்குக. மாலையில், ஈரமான எருவிலேயே இடுக. பூஞ்சணநாசினிகளை அதே குவியலில் தெளித்தல் கூடாது. மனித உடலின் வெப்பமான 37 பாகை இதன் வளர்ச்சிக்கு உகந்ததன்று. ஆதலின் அச்சம் வேண்டாம். எனினும் வித்தித்தூள் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்குமாதலின், கையாளும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடுதல் அவசியம்.

இரசாயனம் யாவற்றையும் இன்றே கைவிடுங்கள் என்றும் நாம் சொல்லவில்லை. 2021இல் இரசாயனப் பசளையினதும் பீடைநாசினியினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்ட காலத்தில் நெற்செய்கையாளர் பட்ட பாடு நாம் கண்டதே. புதிய துணைவன் பழகிய பின்னரே பழைய ஆயுதத்தைக் கீழே வைக்கலாம். கட்டளையால் பூஞ்சணம் வளராது. ஈரமும் இருளும் காலமும் கொடுத்தால் வளரும்.

மாணவர்க்கு

எருக்குழியைக் கிளறும்போது விறைத்து, வெண்மையோ பச்சையோ பூத்த குடம்பியைக் கண்டால் அதை எறிந்துவிடாதீர்கள். ஈரக் கடதாசி விரித்த கண்ணாடிப் போத்தலில் அதனை இட்டு, மூடி தளர்வாக வைத்து, நிழலில் பத்து நாட்கள் நோக்குங்கள். நாளும் நிறமும் குறித்து வையுங்கள். பச்சை படர்ந்தால், மெச்னிகோவ் கண்ட காட்சியை நீங்களும் கண்டவராவீர்கள். பின்னர் அதை எருக்குழிக்கே திருப்பிக் கொடுத்துக் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். உங்கள் வளவிலேயே படைவீரன் இருக்கின்றான் என்பதற்கு அதுவே சான்று. அடுத்த வளவிலும் இருக்கின்றானா என்று வேலியருகே நின்று விசாரித்து வாருங்கள். ஊர் கூடிச் செய்யவேண்டிய வேலை அவ்விசாரணையிலேயே தொடங்கட்டும்.