பதிவேற்றும் வேகம் எவ்வளவு?

சென்ற மாதம் ஒரே கிழமையில் மூன்று பேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போனார்கள். மூவரும் இன்டர்நெட் விற்க வந்தவர்கள். ஒருவர் ஃபைபர் என்றார். மற்றவர் 4ஜி ரவுட்டர் என்றார். மூன்றாமவரும் ரவுட்டர்தான், கம்பனி மட்டும் வேறு. ஒரு தொலைபேசிக் கம்பிக்காக வாப்பா பலமுறை கந்தோருக்கு அலைந்த வீடு இது. இப்போது கம்பனிக்காரரே வெயிலில் வியர்த்துக்கொண்டு வந்து நிற்கிறார். போட்டி என்றால் இதுதான் போலும் என்று வாப்பா சிரித்தார்.

அவர்கள் விட்டுச் சென்ற துண்டுப்பிரசுரங்களை மேசையில் பரப்பிப் பார்த்தேன். எத்தனை ஜிபி, மாதம் எத்தனை ரூபா, தரவிறக்கும் வேகம் எத்தனை மெகாபிட் எல்லாம் பெரிய பெரிய எழுத்தில் இருந்தன. பதிவேற்றும் வேகம் எவ்வளவு என்பது ஒன்றிலும் இல்லை. சிறிய எழுத்திலும் தேடினேன், இல்லை.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்பதற்காக நான் அதைத் தேடவில்லை. எங்கள் ராத்தாவுக்காகத் தேடினேன்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ராத்தா தரம் 5 பிள்ளைகள் நாலு பேருக்கு ஸூம் மூலம் கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். எல்லோரும் சொந்தக்காரப் பிள்ளைகள், காசு வாங்கவில்லை. பிறகு அவர்களின் கூட்டாளிகள் வந்தார்கள், கூட்டாளிகளின் கூட்டாளிகள் வந்தார்கள். மூன்று மாதத்தில் இருபத்திரண்டு பேர். வீட்டை விட்டு வெளியேறாமல், தன் படிப்பையும் விடாமல், தன் கையால் உழைத்த முதல் காசை உம்மாவின் கையில் வைத்தார் ராத்தா. அந்த நாளின் சந்தோஷத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, உம்மா இதை வாசித்தால் அழுவார்.

பிரச்சினை என்னவென்றால், ராத்தாவின் முகம் அடிக்கடி உறைந்து போகும். குரல் துண்டு துண்டாக விழும். பின்னத்தைப் பெருக்கிக் காட்டும்போது, மேலே உள்ள எண் போய்ச் சேரும், கீழே உள்ள எண் போய்ச் சேராது. "மிஸ், விளங்கல்ல மிஸ்" என்று பிள்ளைகள் கத்துவது மட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். அதுதான் எங்களைக் குழப்பியது. அவர்களுடைய படமும் குரலும் நன்றாக வருகின்றன, ராத்தாவுடையது மட்டும் ஏன் போகவில்லை? கம்பனிக்கு அழைப்பெடுத்தோம். அவர்கள் தூரத்திலிருந்தே சோதித்துவிட்டு, "உங்கட ஸ்பீட் நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பொய் சொல்லவில்லை. தரவிறக்கும் வேகம் நன்றாகத்தான் இருந்தது.

அப்போது எங்கள் வீட்டில் இருந்தது ஏடிஎஸ்எல், அதாவது பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியிலேயே வரும் இணைப்பு. அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குப் பொருள் 'சமச்சீரற்ற' என்பது. இதை நான் பாடப்புத்தகத்தில் படித்தது இரண்டு வருடம் கழித்து. படித்த அன்று ராத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

கதை இதுதான். தொலைபேசிக் குரலுக்கு ஒரு செப்புக் கம்பியில் 4 கிலோஹேட்ஸ் வரையுள்ள இடமே போதும். அதற்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் இணையத்தை அனுப்பலாம். ஆனால் தெருவிலுள்ள எல்லா வீட்டுக் கம்பிகளும் ஒரே கட்டாகவே தொலைபேசி நிலையத்துக்குப் போகின்றன. கல்யாண வீட்டில் நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைப் போல ஒரு கம்பியின் சத்தம் பக்கத்துக் கம்பிக்குள் கசியும். நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவது ஒலிபெருக்கியில் பேசுவதைப் போன்றது, கேட்டுவிடும். வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போவது கடைசி அறையிலிருந்து மூத்தம்மா கூப்பிடுவதைப் போன்றது, வாசலுக்கு வரும்போது இரைச்சலில் அமுங்கிவிடும். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வுகூடத்தில் ஜோசப் லெக்லைடர் என்ற பொறியியலாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பங்கிட வேண்டாம், வீட்டுக்கு வருவதற்கு அகலப் பாதையும் வீட்டிலிருந்து போவதற்கு ஒடுக்கப் பாதையும் கொடுப்போம் என்றார். அன்றைக்கு அவர்கள் நினைத்தது தொலைபேசிக் கம்பியில் வீட்டுக்குப் படம் அனுப்புவதைப் பற்றி. படம் பார்ப்பவர் திருப்பி அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? "அடுத்த படம் போடு" என்ற ஒரு சொல்தானே.

அது மூளையுள்ள தீர்வுதான், நான் குறை சொல்லவில்லை. அந்தத் தீர்வால்தான் புதிய கம்பி இழுக்காமலே உலகமெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு இணையம் போனது. ஆனால் அந்தக் கம்பிக்குள் ஒரு நினைப்பும் சேர்ந்து வந்துவிட்டது. வீட்டிலிருப்பவர் பார்ப்பவர், வாங்குபவர். கொடுப்பவர் வேறெங்கோ இருப்பவர். ஏடிஎஸ்எல்லின் மேம்பட்ட வகையில் தரவிறக்கும் வேகம் 24 மெகாபிட் வரை போகலாம், பதிவேற்றுவதோ பெரும்பாலும் 1 மெகாபிட்டைச் சுற்றித்தான். இதுவும் நிலையத்துக்குப் பக்கத்து வீடுகளுக்குத்தான். 5 கிலோமீற்றர் தள்ளி இருந்தால் இணைப்பு கிடைப்பதே அரிது.

அமெரிக்காவில் இந்தக் கம்பிக்கு ஒரு போட்டியாளர் வந்தார். அது கேபிள். தொலைக்காட்சிக்காக வீடு வீடாக இழுத்த தடித்த கம்பியில் இணையத்தையும் அனுப்பினார்கள். ஒரே வீட்டுக்கு முன்வாசலால் தொலைபேசிக் கம்பனியும் பின்வாசலால் கேபிள் கம்பனியும் வந்து நின்றதால் அங்கே போட்டி சூடுபிடித்தது. செப்புக் கம்பி உங்கள் வீட்டுக்கென்றே தனியானது, ஆனால் மெல்லியது. கேபிள் அகலமானது, ஆனால் அயலவர் நூற்றுக்கணக்கானோரோடு பங்கு போடுவது, மாலையில் எல்லோரும் உட்கார்ந்தால் தளர்ந்துவிடும். கடைசியில் வென்றது கேபிள்தான். ஏடிஅன்டிரீ என்ற பெரிய தொலைபேசிக் கம்பனி 2020 ஒக்டோபரில் புதிய டிஎஸ்எல் இணைப்புகள் கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது.

ஆனால் இத்தனை சண்டையிலும் ஒரு விடயத்தில் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். கேபிளிலும் பதிவேற்றும் பாதை ஒடுக்கமானதுதான். தொலைக்காட்சி அலைவரிசைகள் 54 மெகாஹேட்ஸிலிருந்து மேலே எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன, வீட்டிலிருந்து போவதற்கு மிஞ்சியது அதற்குக் கீழேயுள்ள ஒரு துண்டு. அதுவும் பார்ப்பதற்காகப் பிறந்த கம்பிதானே. போட்டி விலையைக் குறைத்தது, தரவிறக்கும் வேகத்தைக் கூட்டியது. யாரும் கேட்காததைக் கூட்டவில்லை. அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு, அகலப்பட்டை என்று சொல்வதற்குரிய ஆகக் குறைந்த பதிவேற்ற வேகத்தை 3 மெகாபிட்டிலிருந்து 20க்கு உயர்த்தியதே 2024இல்தான்.

எங்கள் நாட்டில் வீடு வீடாகக் கேபிள் போகவில்லை. எங்கள் கூரைகளில் டிஷ் அன்டனா முளைத்தது. ஆகவே செப்புக் கம்பிக்கு இங்கே போட்டியாக வந்தது இன்னொரு கம்பியல்ல, காற்று. 4ஜி ரவுட்டர். எங்கள் வீட்டுக்கும் 2021இல் ஒன்று வந்தது. முதல் நாள் காலையில் ராத்தா சோதித்துப் பார்த்தார். முகம் உறையவில்லை, குரல் முறியவில்லை. வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மஃரிபுக்குப் பிறகு வகுப்பு தொடங்கியபோது பழைய கதைதான். ஒரு கோபுரத்தின் கீழ் ஊரே இருக்கிறது. ஊரே அந்நேரம் போனைக் கையில் எடுக்கிறது. கேபிளின் குணம் அப்படியே காற்றில் ஏறி வந்துவிட்டது.

ராத்தா வகுப்பைச் சுபஹுக்குப் பிறகு, ஐந்தரை மணிக்கு மாற்றினார். இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பது பேர் எழும்பினார்கள்.

இதோடு இரவு டேட்டா என்ற ஒன்று. எங்கள் பெக்கேஜில் எழுதியிருந்த ஜிபியில் சரிபாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கக் கூடியது. காகிதத்தில் பெரிய தொகை, பகலில் பாதித் தொகை. பரீட்சைக் காலத்தில் பாட வீடியோக்களை இறக்குவதற்காக நான் நடுச்சாமம் அலாரம் வைத்து எழும்பியிருக்கிறேன். இதை வாசிக்கும் தோழிகளில் எத்தனை பேர் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் மட்டும்தான் அந்த ஜிபி எங்களுக்கு நீதியாகக் கிடைக்கிறது, ஸஹருக்கு எப்படியும் விழிப்போமே!

போட்டி வளர்கிறது என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வானத்திலிருந்தும் வந்துவிட்டது, ஆனால் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு அதன் விலை இப்போதைக்கு எட்டாது. மறுபக்கம், ஐந்தாக இருந்த கையடக்கத் தொலைபேசிக் கம்பனிகள் மூன்றாகிவிட்டன. 2018இல் ஹட்ச்சும் எடிசலாட்டும் ஒன்றாயின, 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. வாசலுக்கு வருபவர்கள் கூடியிருக்கலாம், அவர்களை அனுப்புபவர்கள் கூடவில்லை.

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் ஃபைபர் பேச்செடுத்தபோது வாப்பா சொன்னார், "இருக்கிற நெட்டே காணும் மகள். கூடினா கூடாததும் சேர்ந்து வரும்." அவருடைய பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். போனுக்குள் தொலைந்து போன பிள்ளைகளை எங்கள் வகுப்பிலேயே காட்டலாம். ஆனால் நான் வாப்பாவிடம் கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன். நீங்கள் பயப்படும் விடயங்கள் எல்லாம் எந்தப் பாதையால் வருகின்றன? தரவிறக்கும் பாதையால். அது பழைய செப்புக் கம்பியிலும் தாராளமாகத் திறந்தே இருந்தது. நாடகமும் குறும்படமும் இரவு முழுக்கத் தடையில்லாமல் வந்தன. அடைபட்டிருந்தது மற்றப் பாதை. மகள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பாதை, தைத்த உடுப்பைக் காட்டி விற்கும் பாதை, திறந்த பல்கலைக்கழக ஒப்படையை நேரத்துக்கு அனுப்பும் பாதை. மெதுவான இணைப்பு எங்களைக் காப்பாற்றவில்லை வாப்பா, எங்களைப் பார்வையாளர்களாக மட்டும் வைத்திருந்தது என்றேன். வாப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் ரவுட்டரை இரவு பத்து மணிக்கு நிறுத்தும் சட்டத்தை அவர் மாற்றவுமில்லை, அதில் எனக்கு வழக்குமில்லை.

இன்னொன்றும் உண்டு. காக்காவுக்கு வீட்டில் நெட் இல்லாவிட்டால் கூட்டாளி வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, சந்தியில் வைஃபை இருக்கிறது. எங்களுக்கு வீட்டுச் சுவருக்குள் வருவது மட்டும்தான். அப்படியிருந்தும் இணைப்பு எடுக்கும்போது பேச்சுவார்த்தை நடப்பது வாசலில், ஆண்களுக்கிடையில். கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான், மாதம் எவ்வளவு?

எங்கள் ஒழுங்கையில் இம்முறை அது மாறியது. ஃபைபர் விற்க வந்தவர், கம்பி பெரிய தெருவோடு நிற்கிறது, ஒழுங்கைக்குள் இழுப்பதென்றால் குறைந்தது பத்து வீடாவது கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வாப்பா அதோடு விட்டுவிட்டார். உம்மா விடவில்லை. அஸருக்குப் பிறகு ஒரு கொப்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனார். தையல் மெஷின் வைத்திருக்கும் மாமி முதலில் பெயர் கொடுத்தார். கேக் செய்து விற்கும் புதுப்பெண் இரண்டாவது. மகன் கட்டாரிலிருந்து பேசும்போது படம் நிற்கிறதென்று குறைப்படும் மூத்தம்மா, "நான் பேசுறது அவனுக்குக் கேக்குதில்லையாம், எனக்கு அவன் பேசுறது கேக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே நோய். நான்கு மாலையில் பதினாலு வீடு சேர்ந்தது.

விற்பனைக்காரர் மறுபடி வந்தபோது கொப்பியை நீட்டியது உம்மாதான். அவர் பெயர்களை எண்ணிப் பார்த்து முகம் மலர்ந்தார். எல்லாப் பெயருக்கும் கீழே, ராத்தா சொல்லக் கேட்டு நான் எழுதிய ஒரு கேள்வி இருந்தது: பதிவேற்றும் வேகம் எவ்வளவு? அவர் அதை இரண்டு முறை வாசித்தார். தன்னிடமிருந்த துண்டுப்பிரசுரத்தைப் புரட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று யாருக்கோ அழைப்பெடுத்தார். நீண்ட நேரம் பேசிவிட்டு வந்து, "அதக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றன் உம்மா, இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்ல" என்றார்.