திரையில் வழிந்த கண்ணீர்

2021இல் வந்த ‘ஜெய் பீம்’ கண்டு கலங்காதார் எவர், தோழர்களே! 1993இல் கடலூர்ப் பகுதி ஏழை ஒருவரைப் போலீசார் அடித்துக் கொன்ற கதை. ‘தப்பி ஓடிவிட்டான்’ என்ற பொய்யை உயர்நீதிமன்றத்திலே உடைத்தெறிந்தார் வழக்கறிஞர் சந்துரு.

நம் குமரி மண்ணும் குருதி கண்டதுதான். 1954 ஆகஸ்டு 11 அன்று, தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டோரை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்–கொச்சிப் போலீசார் சுட்டு வீழ்த்தினர். முதலமைச்சர், பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை. ‘பதவி விலகுக’ என்றவர் யார்? எதிர்க்கட்சித் தலைவரா? அன்று! அவர் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியா! கட்சியோ பட்டத்தின் பக்கம் நின்றது. பொறுப்பை இழந்தவர் லோகியாதான்.

பிறர் ஆட்சிப் போலீசைத் திரையிலே கண்டு அழுகிறோம், சரி. நம் ஆட்சியின் தடி ஓர் ஏழையின் உயிரைக் குடித்தால், நம் பொதுக்குழுவில் எழுந்து கேட்போர் எத்தனை பேர்?