பசளை மூட்டையும் பட்டி மாடும்

2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வட்டைகளில் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தச் சூடு கண்ட கமக்காரர் இன்று ‘இயற்கை வேளாண்மை’ என்றாலே முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. பத்தாண்டில் செய்வதாக 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் சொன்னதை ஒரே போகத்தில் செய்யப் போனார் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச. யூரியாவை நம்பி உருவாக்கிய நெல்லினங்கள் வயலில் நின்றன, கூட்டெரு போதவில்லை, தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகச் சீனப் பசளைக் கப்பலை ஏற்க மறுத்து, பிறகு அதற்கே 67 இலட்சம் டொலரும் கட்டினோம்.

அதற்காகப் பழையபடி மூட்டை மூட்டையாக வீசுவதை ஏற்க முடியாது. 2022இல் காசோடு அலைந்தும் யூரியா கிடைக்காமல் போனதை அதற்குள் மறந்துவிட்டோமா? வீசும் யூரியாவிலும் கணிசமான பங்கு காற்றிலும் வடிநீரிலும் போகிறது. மூதூர் வயல்களின் வடிநீர் சேரும் கொட்டியாரக் குடாவில்தான் நம் மீனவர் வலை வீசுகிறார்கள்.

வெட்டு மெஷின் போன கையோடு, வரிவரியாகக் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைக்கிறோம். பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் நைதரசன் புகையாகிறது, சாம்பலை மழை அடித்துக்கொண்டு போகிறது. பிறகு டொலர் கொடுத்து எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையை வாங்குகிறோம். இதைவிட வீண்செலவு உண்டா? மேய்ச்சல் தரையின்றிப் பண்ணையாளர் மாடுகளோடு அலைவதும் இதே பகுதிகளில்தான். அறுவடை முடிந்த வயலில் பட்டி கட்டவிட்டால் எரு வண்டிக்கூலி இல்லாமலே வந்து சேரும்.

ஹெக்டேயருக்கு 25,000 ரூபா பசளை மானியத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழுதவருக்கு அதற்கு மேல் ஒரு தொகை கொடுங்கள் என்கிறோம். கமநல சேவை நிலையங்கள் மண்ணைப் பரிசோதித்து அளவு சொல்லட்டும். விரும்புகிறவர் முதலில் ஓர் ஏக்கரில் மட்டும் யூரியாவைக் குறைத்துப் பார்க்கட்டும். விளைச்சல் குறைந்தால் நட்டத்தை அரசு ஏற்க வேண்டும். 2021இல் சுமை கமக்காரர் தலையில் விழுந்த பிறகு, வெறும் வாய்வார்த்தையை அவர் நம்பமாட்டார். அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில், குளம் திறக்கும் திகதியோடு இந்த உத்தரவாதத்தையும் தீர்மானமாகப் பதிய வேண்டும்.