நல்லது தானாக நிற்குமாம்!

பழைய வீடியோ கேம்களைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், விவரம் தெரிந்தவர்களிடமிருந்தே ஒரு பதில் வரும்: "நல்ல ஆட்டமாக இருந்தால் தானாக நிற்கும். யாருக்கும் தெரியாமல் போனது, அப்படிப் போக வேண்டியதுதான்." காலம் என்றொரு கண்டிப்பான வாத்தியார் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார், தேறியவை மட்டும் நம் கைக்கு வந்து சேர்கின்றன என்ற நினைப்பு இது. அப்படி ஒரு பரீட்சை எங்கும் நடக்கவில்லை.

நின்றவை எப்படி நின்றன என்று பாருங்கள். ஜோர்டான் மெக்னர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதி 1989இல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' உலகப் புகழ் பெற்றது. அதன் மூலநிரல் பல ஆண்டுகள் காணாமல் கிடந்தது. 2012இல் மெக்னரின் தந்தை, வீட்டில் கிடந்த ஒரு பெட்டியிலிருந்து பழைய பிளாப்பிகளை எடுத்து மகனுக்கு அனுப்பினார். அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆர்வலர்கள் வந்து நிரலை மீட்டார்கள். ஆட்டத்தின் தரமா அதைக் காப்பாற்றியது? அந்த அப்பா பெட்டியைக் குப்பையில் போடவில்லை, அவ்வளவுதான்.

நிறுவனங்கள் பத்திரமாக வைத்திருக்கும் என்பார்கள். கோனாமி தன்னுடைய 'சைலன்ட் ஹில்' ஆட்டங்களை 2012இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, முடிவுற்ற மூலநிரல் அதன் கையிலேயே இல்லை. அரைகுறையாக இருந்த நிரலை வைத்துத்தான் வேலை நடந்தது. வேறொரு நிறுவனத்தின் 'கிங்டம் ஹார்ட்ஸ்' மூலநிரலும் இப்படித் தொலைந்துபோனதுதான். விற்பனையில் வென்ற ஆட்டங்களுக்கே இந்தக் கதி.

'செல்டா' என்ற பெயரை விடப் பெரிய பெயர் இந்தத் துறையில் சிலவே உண்டு. ஜப்பானில் 1995இல் நின்டெண்டோ, சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கும் சாட்டலாவியூ என்ற கருவியை விற்றது. ஆட்டங்கள் செயற்கைக்கோள் வழியாக வீட்டுக்கு வரும். அந்த ஆகஸ்டில் செல்டாவின் தனிப் பதிப்பு ஒன்று நான்கு வாரத் தொடராக ஒலிபரப்பானது. குறித்த நேரத்தில் மட்டுமே ஆட முடியும். ஆடும்போதே நடிகர்களின் குரலும் இசையும் வானிலிருந்து வந்து சேரும். வானொலி நாடகமும் விளையாட்டும் ஒன்றான, அதற்குமுன் அநேகமாக யாரும் செய்து பார்க்காத வடிவம். 2000இல் சேவை நின்றது. ஆட்டத்தின் தரவு, வீடுகளில் இருந்த சிறிய நினைவுப் பொதிகளில் தங்கியது. அதுவும் அடுத்த ஆட்டத்தை இறக்கினால் அழிந்துபோகும். பிற்காலத்தில் ரசிகர்கள் அந்தப் பொதிகளைப் பழைய பொருளாக விலைக்கு வாங்கி, உள்ளே மிச்சமிருந்ததைப் பிரித்தெடுத்தார்கள். வானிலிருந்து வந்த குரலும் இசையும் பொதியில் பதிவாகவே இல்லை. அன்றைக்கு வீட்டில் யாரோ நாடாவில் பதிவு செய்து வைத்ததுதான் இன்று நமக்கு மிச்சம்.

சரி, பெயரில்லாத ஆட்டங்களுக்கு வருவோம். அவற்றை ஏன் சுமக்க வேண்டும்? 1975இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் 'பெடிட்5' என்றொரு கோப்பு இருந்தது. பெயரைப் பார்த்தால் ஏதோ பாடம் என்று தோன்றும். உள்ளே நிலவறையும் அரக்கர்களும் புதையலும். கணினியில் எழுதப்பட்ட மிகப் பழைய வேடமேற்று ஆடும் (ஆர்பிஜி) ஆட்டங்களில் ஒன்று அது. கண்டுபிடித்த நிர்வாகிகள் அழித்தார்கள்; மறுபடி முளைத்தது; மறுபடியும் அழித்தார்கள். கல்விக்கான இடத்தை வீணடிக்கிறது என்பது அவர்கள் தீர்ப்பு. இன்று கோடிகளில் பணம் புரளும் ஒரு வகைமையின் தொடக்கத்தைத்தான் அவர்கள் துடைத்தெறிந்துகொண்டிருந்தார்கள். தங்கள் காலத்தில் எது முக்கியம் என்று அறிய அவர்களுக்கு வழியில்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து வந்தது அந்த ஞானம்?

இதைத் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படமான 'கீசக வதம்' இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' இல்லை. அவை நல்ல படங்களா, மோசமான படங்களா? யாருக்குத் தெரியும்? பார்த்தால்தானே சொல்ல முடியும். அழிந்ததை மட்டம் என்று சொல்பவர், தான் பார்க்காததற்குத் தீர்ப்பு எழுதுகிறார்.

வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் அப்போது சந்தையில் புதிதாக விற்பனைக்கு இல்லை. "அதனால் என்ன, இணையத்தில் எல்லாம் கிடைக்குமே" என்பது அடுத்த சமாதானம். கிடைக்கிறது, பெரும்பாலும் சட்டத்தை மீறியவர்களின் புண்ணியத்தில். ஒரு கலையின் ஆவணக் காப்பகத்தைத் திருட்டு நகல்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்களைத் திருடர்கள் என்று திட்டவும் செய்கிறோம். இதில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பொதுமக்களுக்கு இதில் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது. யுபிசாஃப்ட் 2024இல் 'தி க்ரூ' ஆட்டத்தின் சர்வர்களை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குமேல் ஆட முடியவில்லை. அதன் எதிர்வினையாக ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் மனு, 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது.

அக்கறை இல்லாதது சட்டத்துக்குத்தான். அமெரிக்க நூலகங்கள் தம்மிடமுள்ள பழைய கணினி மென்பொருளை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தத் தரலாம் என்று 2021இல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. வீடியோ கேம்களுக்கு அது இல்லை. அதே உரிமையைக் கேட்டு நூலகங்கள் சார்பில் வைத்த கோரிக்கையை, பொழுதுபோக்குக்காகத் தவறாகப் பயன்படும், சந்தை கெடும் என்ற நிறுவனங்களின் எதிர்ப்புக்குச் செவிசாய்த்து, 2024 அக்டோபரில் பதிப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. எவருமே விற்காத பொருளுக்கு என்ன சந்தை? நாவலைப் பொழுதுபோக்காகப் படிப்பார்கள் என்று சொல்லி எந்த நூலகத்தையாவது பூட்டினார்களா? இப்போதைக்கு, பழைய ஆட்டமொன்றை ஆராய விரும்புகிறவர் அது இருக்கும் நூலகத்துக்கே பயணச்சீட்டு எடுத்துப் போக வேண்டும். இந்த விலக்குகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலனைக்கு வரும். அடுத்த முறை 2027. அப்போதாவது நூலகங்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்துவிட வேண்டும்.