தொழில் பழகுவோருக்கு உரிய ஊதியம்

கோயம்புத்தூரின் பம்ப், மோட்டார் பட்டறைகளிலும், ஓசூர், அம்பத்தூர், ஒரகடம் வட்டாரங்களின் வாகன உதிரிபாக ஆலைகளிலும் தொழில்முனைவோர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் குறை ஒன்றுண்டு. லேத் ஓட்டவும், வரைபடம் பார்த்து ஜாப் முடிக்கவும், சி.என்.சி. இயந்திரத்தில் செட்டிங் போடவும் தெரிந்த ஆட்கள் கிடைப்பதில்லை என்பதும், ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களை முடித்து வருவோர் தொழில் கைக்கு வருமுன்பே சம்பளத்தைப் பற்றிப் பேசிவிட்டுச் சில மாதங்களில் உணவு விநியோக வேலைக்கோ கடை வேலைக்கோ போய்விடுகிறார்கள் என்பதுமே அக்குறை. இதன் முற்பாதி உண்மை. பிற்பாதியோ காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் குற்றம்சாட்டுகிறது. தரப்படும் தொகை எந்த அடிப்படையில் அமைந்தது, அதற்கு ஈடாக என்ன கற்றுத்தரப்படும், பயிற்சி முடிந்தபின் என்ன கிடைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாத இளைஞர், கையில் வரும் முதல் மாதச் சம்பளத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதில் வியப்பில்லை. அம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தருவது ஆலைகளின் கடமை; பழகுநரின் ஊதியத்தைத் தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோடு இணைத்து, ஆண்டுதோறும் உயரும் விழுக்காடாக வகுப்பது அரசின் கடமை.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் யார் என்பதிலிருந்தே இச்சிக்கல் தொடங்குகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி, ஓர் ஆலையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் கற்பவர் தொழிற்பழகுநர் எனப்படுகிறார். அவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்று அச்சட்டத்தின் 18-ஆம் பிரிவு வரையறுக்கிறது. ஆகவே அவர் பெறுவதற்குக் கூலி என்று பெயரில்லை, உதவித்தொகை என்றே பெயர். குறைந்தபட்சக் கூலி, வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. ஆகியவற்றின் வரம்புக்குள் அவர் வருவதில்லை. 24 மாதங்களில் 480 நாள் பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்னும் 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அவருக்கு எட்டாது. உடல்நலம், பாதுகாப்பு, விபத்து இழப்பீடு ஆகியவற்றில் மட்டும் தொழிலாளிக்குரிய காப்பு அவருக்கும் உண்டு. இத்தனை உரிமைகளை ஒருவரிடமிருந்து விலக்கி வைப்பதற்குச் சட்டம் காட்டும் ஒரே நியாயம், அவர் அங்கே கற்க வந்திருக்கிறார் என்பதாகும். கற்பித்தல் நடைபெறாத இடத்தில் அந்த விலக்குக்கும் நியாயம் இல்லாமற் போகிறது.

பழகுநருக்குத் தேர்ந்தவரைவிடக் குறைவாகத் தருவது தவறு என்று யாரும் வாதிட முடியாது. பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1964-இல் வெளியிட்ட மனித மூலதனம் பற்றிய நூலில் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார்: எந்த ஆலைக்குச் சென்றாலும் பயன்படும் பொதுத்திறன் ஒன்று, ஒரே ஆலைக்கு மட்டும் பயன்படும் தனித்திறன் மற்றொன்று. பொதுத்திறனைக் கற்பிக்கும் செலவை முதலாளி ஏற்க முன்வரமாட்டார், ஏனெனில் கற்றவர் நாளையே வேறிடம் போகலாம். எனவே அச்செலவைக் கற்பவரே குறைந்த ஊதியத்தை ஏற்பதன் மூலம் சுமக்கிறார் என்பது பெக்கரின் வாதம். இவ்வாதத்தை ஆலை உரிமையாளர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அதன் மறுபக்கம் அவர்களைக் கட்டுப்படுத்துவது. குறைந்த ஊதியம் என்பது பழகுநர் மாதந்தோறும் செலுத்தும் கல்விக் கட்டணம் என்றால், கட்டணம் வாங்கியவர் கல்வியைத் தந்தாக வேண்டும். தரவில்லையெனில், இளம் தொழிலாளியின் உழைப்பு விலை கொடாமல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கமில்லை.

கற்பித்தல் என்பது பட்டறையில் எப்படி இருக்கும் என்பதை நெருங்கிப் பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். முதல் மாதங்களில் பழகுநர் வைஸில் பிடித்த ஓர் இரும்புத் துண்டை அரத்தால் இராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையில் ஒளி கசியாத அளவுக்குச் செங்கோணமாக்கப் பழகுகிறார், 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர் காலிபரையும் 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும் மைக்ரோமீட்டரையும் ஐயமின்றிப் படிக்கப் பழகுகிறார். பிறகு லேத்தில் முகப்பு கடைதல், நேர்கடைசல், மரை வெட்டுதல் என்று படிப்படியாக ஏறுகிறார். இந்தக் கட்டத்தில் ஜாப் வீணாகும், டூல் உடையும், மூத்த தொழிலாளி தன் வேலையை நிறுத்திவிட்டு அருகில் நின்று சொல்லித்தர வேண்டியிருக்கும். இவையெல்லாம் ஆலைக்கு உண்மையான செலவுகள். முதல் மாதத்திலேயே தேர்ந்த டர்னரின் சம்பளத்தை எதிர்பார்க்கும் இளைஞர் இச்செலவைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பல ஆலைகளில் நடப்பதோ வேறு. சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிறுத்தப்படும் பழகுநர், வார்ப்புத் துண்டை எடுத்துச் சக்கில் பொருத்தி, கதவை மூடி, பொத்தானை அழுத்தி, முடிந்த உருப்படியை எடுத்து அடுக்கும் லோடிங், அன்லோடிங் வேலையை ஷிப்டு முழுவதும் செய்கிறார். டூல் தேய்ந்தால் ஆஃப்செட்டைத் திருத்துவதும், புதிய ஜாப் வரும்போது செட்டிங் போடுவதும், புரோகிராமில் ஒரு வரியை மாற்றுவதும் செட்டர் எனப்படும் மூத்தவரின் கைக்குள்ளேயே இருக்கின்றன. ஓராண்டு இவ்வாறு கழித்தவர் ஆலைக்கு முழு உற்பத்தியைத் தந்திருக்கிறார். அவருக்கு மிஞ்சியதோ இரண்டு வாரத்தில் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு கைப்பழக்கம் மட்டுமே. முழு உற்பத்தி தருபவருக்கு அரை ஊதியம் தருவதைப் பயிற்சி என்ற சொல்லால் மறைக்க இடமளிக்கக் கூடாது.

அடுத்து, தொகையைப் பார்க்க வேண்டும். 2014-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பழகுநரின் உதவித்தொகை மாநில அரசு அறிவிக்கும் அரைத்திறன் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியில் முதலாண்டு 70 விழுக்காடு, இரண்டாமாண்டு 80 விழுக்காடு, அதன்பின் 90 விழுக்காடு என்றிருந்தது. கூலி உயர்ந்தால் உதவித்தொகையும் தானே உயரும் நல்ல ஏற்பாடு அது. 2019-இல் அது கைவிடப்பட்டு, கல்வித் தகுதியைப் பொறுத்து மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை என நிலையான குறைந்தபட்சத் தொகைகள் வந்தன, ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு ரூ.7,000. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்குச் சிறு உயர்வு உண்டெனினும், தொடக்கத் தொகை விலைவாசியோடு சேர்ந்து நகரவில்லை. மாதம் 26 வேலைநாள் என்று கொண்டால் ரூ.7,000 என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.269. 2019-20 நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி ரூ.229, 2025-26-இல் அது ரூ.336. நூறுநாள் வேலை ஆண்டு முழுவதும் கிடைப்பதன்று என்பது மெய். எனினும், ஏரிக்கரையில் மண் அள்ளுவோருக்கு அரசு அறிவித்த கூலி, இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்துவிட்டு இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அதே அரசு வகுத்த தொகையைத் தாண்டிச் சென்றுவிட்டது என்பதை ஒதுக்கிவிட முடியாது. மண் அள்ளுவோரின் கூலி அதிகமன்று. தொழில் பழகுவோரின் தொகைதான் தேங்கிப்போனது.

2025 மே மாதம் மத்தியத் தொழிற்பழகுநர் மன்றம் இத்தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தி ரூ.6,800 முதல் ரூ.12,300 வரை ஆக்கவும், விலைவாசிக் குறியீட்டோடு இணைக்கவும் பரிந்துரைத்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் விலைவாசியோடு இணைப்பது பழகுநரின் வாங்கும் திறன் தேயாமல் காக்குமே தவிர, அவர் நாளுக்கு நாள் தேர்ச்சி பெறுவதை ஊதியத்தில் காட்டாது. சொந்த ஊர் இராமநாதபுரமாகவோ சிவகங்கையாகவோ இருந்து, ஒரகடத்தில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கொடுத்துத் தங்கியிருக்கும் இளைஞருக்கு, இந்த ஆண்டைவிட அடுத்த ஆண்டு எவ்வளவு மேலேறும் என்ற தெளிவே தொழிலில் நிலைக்கச் செய்யும். விநியோக வேலையில் முதல் மாதத்தில் கிடைப்பதும் ஐந்தாம் ஆண்டில் கிடைப்பதும் பெரிதும் வேறுபடுவதில்லை. செட்டராக, டூல்ரூம் தொழிலாளியாக உயர்பவரின் வருவாயோ ஏறிக்கொண்டே போகும். இவ்வேறுபாட்டை வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுத்தில் காட்டும் ஆலைகள் மிகச் சில. பயிற்சி முடித்தவர்களைப் பணியில் சேர்ப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. அக்கொள்கை பழகுநரின் கையில் கிடைக்காதவரை அது இருந்தும் பயனில்லை.

சிறு பட்டறைகளின் மறுப்பு கவனமாகக் கேட்கத்தக்கது. பத்துப் பேரை வைத்து ஜாப் ஆர்டரில் காலம் தள்ளும் உரிமையாளர், பெரிய நிறுவனம் விலையைக் கசக்கும்போது பழகுநருக்கு எங்கிருந்து கூட்டித்தருவது என்று கேட்கிறார்; ஈராண்டு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்த பையனைப் பக்கத்துப் பெரிய ஆலை சற்றே அதிகம் தந்து இழுத்துக்கொள்கிறது என்று வருந்துகிறார். இரண்டும் உண்மையே. ஆனால் இதற்குத் தீர்வாகப் பழகுநரின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும், இடையில் நின்றால் பணம் கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவதும் ஆளைக் கட்டிப்போடுமே தவிரத் தொழிலை வளர்க்காது. சுமையைப் பகிர்வதே நேரிய வழி. 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் மத்திய அரசு உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500-க்கு மிகாமல், ஏற்கிறது. சிறு பட்டறைகளுக்கு இப்பங்கை இரட்டிப்பாக்கலாம்; வேறிடத்தில் பயின்றவர்களையே எடுத்துக்கொள்ளும் பெரிய ஆலைகளிடம் பயிற்சிக்கான பங்களிப்பைக் கேட்கலாம். அரசு ஐ.டி.ஐ. நிலையங்கள் 71-ஐ ரூ.2,877 கோடியில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக்கத் துணிந்த தமிழ்நாட்டில், அங்கே பயின்றவர் ஆலைக்குள் நுழையும் முதலாண்டுக்கு ஒரு பங்கு தருவது இயலாத செலவன்று.

ஜெர்மனியின் நடைமுறை இங்கே சிந்திக்கத்தக்கது. அங்கு பழகுநர் வாரத்தின் பெரும்பகுதியை ஆலையிலும் ஓரிரு நாட்களைத் தொழிற்பள்ளியிலும் கழிக்கிறார். அங்கும் பழகுநரின் ஊதியம் தேர்ந்தவரின் ஊதியத்தைவிடக் குறைவே. ஆனால் 2020 முதல் அதற்குச் சட்டப்படியான அடித்தளம் உண்டு. முதலாண்டுக்கு 515 யூரோவாகத் தொடங்கிய அத்தொகை 2025-இல் 682 யூரோவாயிற்று; இரண்டாமாண்டில் அதற்கு மேல் 18 விழுக்காடும், மூன்றாமாண்டில் 35 விழுக்காடும், நான்காமாண்டில் 40 விழுக்காடும் கூட்டித்தர வேண்டும். கற்ற கைக்கு மதிப்பு கூடுகிறது என்பதைச் சட்டமே ஆண்டுக்காண்டு சொல்வதால், அங்கே சேரும் இளைஞர் தம் எதிர்பார்ப்பை ஊகத்தின்மேல் அமைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்குப் பயிற்சி என்ற பெயரின் கசப்பான வரலாறும் உண்டு. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று வழங்கியதன்கீழ், ஏழைக் குடும்பத்துப் பெண்கள் மூன்றாண்டு பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த தினக்கூலிக்கு உழைத்து, முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். இடையில் நின்றவர்கள் அதையும் இழந்தார்கள். உழைத்த மாதத்தின் ஊதியத்தை அம்மாதமே தராமல் பிற்காலத்துக்குத் தள்ளிவைக்கும் எந்த ஏற்பாடும் பயிற்சியாகாது என்பதே அதிலிருந்து பெற வேண்டிய பாடம். இன்று பொறியியல் ஆலைகளில் டிரெய்னி என்ற பெயரில், தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பதிவும் இல்லாமல், தொழிலாளிக்குரிய உரிமையும் இல்லாமல் வைக்கப்படுவோர் விஷயத்தில் அப்பாடம் மறக்கப்பட்டுவிடக் கூடாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பழகுநரின் ஊதியம் தேர்ந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியில் முதலாண்டு 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் தொடங்கி, இறுதியாண்டில் 90 விழுக்காட்டை எட்டும்படி வகுக்கப்பட வேண்டும். எந்தெந்த இயந்திரத்தில் எத்தனை வாரம், எந்தெந்த வேலையில் தேர்ச்சி என்ற பயிற்சி அட்டவணை ஒப்பந்தத்தின் பகுதியாக வேண்டும். அட்டவணைப்படி கற்பிக்காமல் உற்பத்தியில் மட்டும் நிறுத்தப்பட்ட மாதங்களுக்கு முழுக் கூலி தரப்பட வேண்டும். தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றிப் பழகுநரை ஓவர்டைம் செய்ய வைக்கக் கூடாது என்னும் சட்டப் பிரிவு ஆய்வின் மூலம் நடைமுறைக்கு வர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும். பயிற்சி முடித்தோருக்கு ஆலை வழங்கும் தொடக்கச் சம்பளம் சேரும் நாளிலேயே எழுத்தில் தரப்பட வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. முதலாண்டுத் தொகையை மட்டும் பார்த்து ஆலையைத் தேர்ந்தெடுப்பது தவறான கணக்கு. ஆயிரம் ரூபாய் குறைவாகத் தந்தாலும் செட்டிங் கற்றுத்தரும் பட்டறை, கூடுதலாகத் தந்து லோடிங்கிலேயே நிறுத்தும் ஆலையைவிட மேலானது. ஆனால் இரண்டில் எது எது என்று அறியும் வழி அவர்களுக்கு இருக்க வேண்டும். திறன்மிக்க கைகள் வேண்டும் என்று கேட்கும் தொழில்துறை, அக்கைகள் உருவாகும் ஆண்டுகளுக்கு உரிய விலையைத் தர மறுத்துவிட்டுப் பற்றாக்குறையைப் பற்றி முறையிடும் தகுதியை இழக்கிறது. பழகுநர் ஊதிய விதிகளை மறுபடியும் கூலியோடு இணைக்கும் திருத்தத்தை மத்திய அரசு காலம் தாழ்த்தாமல் கொண்டுவர வேண்டும். அதுவரை தன் பங்கைச் சேர்த்துத் தந்து தமிழ்நாடு அரசு வழிகாட்ட வேண்டும்.