கண்ணாடியைக் கழட்டி உள்ளே கொண்டு வாங்க!

தலைப்பைப் பார்த்துட்டு "பி.காம் படிக்கிறவனுக்கு ஜன்னல்ல என்ன வேலை?"ன்னு கேக்காதீங்க. காரணம் இருக்கு.

எங்க ஊர் பெருமாநல்லூர். பங்குனியில கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் வருதுன்னா, அதுக்கு முன்னாடி வீட்டைக் கழுவித் துடைச்சே ஆகணும். அப்படி ஒரு நாள் காலேஜ் விட்டு வந்து பார்க்கிறேன், மாடி ஜன்னலுக்கு வெளியே எங்கம்மா! கீழ் ஜன்னலோட சன்ஷேடுல இறங்கி நின்னு, ஒரு கையில கிரில்லைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையைக் கம்பிக்குள்ள விட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தாங்க. சோப்புத் தண்ணியில கால் வழுக்கிருச்சு. கிரில் கையில இருந்ததால தப்பிச்சாங்க. முழங்கால் சிராய்ப்போட போச்சு.

எனக்கு வெட்கமா இருந்தது. ஸ்லைடிங் ஜன்னலைக் கழட்ட முடியும்ங்கிறது கூட வீட்டுல யாருக்கும் தெரியலை. கதவைத் தூக்கி மேல் தடத்துக்குள்ள ஏத்தி, அடிப்பக்கத்தை உள்ளே இழுத்தா கையோட வந்துரும். (சிலதுல தூக்க முடியாம ஒரு ஸ்க்ரூ வச்சிருப்பாங்க, முதல்ல அதைக் கழட்டணும்.) ஆனா தனியாத் தூக்காதீங்க. 1 சதுர மீட்டர் கண்ணாடி, 1 மி.மீ. கனத்துக்கு 2.5 கிலோ. 4 மி.மீ. கண்ணாடின்னா 10 கிலோ! விரிசல் இருந்தா தொடவே தொடாதீங்க.

கழட்டினதை எங்கே வைக்கிறது? பழைய கட்டில் சட்டத்துல சாய்வா ஒரு ஸ்டாண்டு செஞ்சேன். வழுக்காம இருக்க, கண்ணாடி உக்கார்ற இடத்துல சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினேன். அடியில பி.வி.சி. பைப்பை நீளவாக்குல பாதியா அறுத்து வாய்க்கால், அதோட நுனியில பக்கெட். ஹால்லயே கழுவலாம், தரை நனையாது. வைப்பருக்கு ஒரு பழைய கார் வைப்பர் ரப்பர். மொத்தச் செலவு 190 ரூபாய். காஸ்ட் ஷீட் போட்டுப் பார்த்துட்டேன் :-)

துணிக்கு நம்ம ஊருல பஞ்சமா? ஆனா எல்லா பனியன் வேஸ்ட்டும் ஆகாது. ப்ளீச் பண்ணாத காடாத்துணியில பருத்தியோட இயற்கை மெழுகு இருக்கும், தண்ணியை உறிஞ்சாது. பாலியஸ்டரும் அப்படித்தான். ப்ளீச் பண்ண காட்டன் துணியை ரெண்டு தடவை துவைச்சுட்டு எடுங்க, பஞ்சு ஒட்டாது. போர் உப்புத்தண்ணி காய்ஞ்சா வர்ற வெள்ளைக்கறைக்கு எலுமிச்சைச் சாறு போதும். அலுமினியத்துல படாம பார்த்துக்கணும். கடைசியா நல்ல தண்ணியில அலசி, வைப்பரால வழிச்சு விட்டா கோடு விழாது.

ரெண்டு பக்கமும் காந்தம் வச்ச துடைப்பான் கடையில கிடைக்குதேன்னு கேப்பீங்க. கிடைக்குதுதான். கண்ணாடி கனத்துக்குப் பொருந்தலைன்னா ஒண்ணு பிடிக்காது, இல்லைன்னா நகராது. தவிர, 1936-ல அமெரிக்காவுல நவீன ரப்பர் வைப்பருக்குக் காப்புரிமை வாங்கின எட்டோரே ஸ்டெக்கோனே, தானே ஜன்னல் துடைக்கிற தொழிலாளி. வேலை செய்யறவனுக்குத்தான் கருவியோட அருமை தெரியும். நம்ம வீட்டுல பிரச்சினையே அதுதான். ஜன்னலைத் தேர்ந்தெடுத்தது அப்பாவும் மேஸ்திரியும், துடைக்கிறது அம்மா. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

வீடு கட்டப் போறவங்க இதை மட்டும் கேளுங்க: "இந்தக் கண்ணாடியை உள்ளே கழட்ட முடியுமா?" கிரில்லை உள்பக்கம் வச்சுட்டா முடியாது. எங்க வீட்டுல அதிர்ஷ்டவசமா வெளியே இருக்கு.

இப்ப மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவும் நானும் கழட்டறோம், கழுவறோம், மாட்டறோம். அம்மா சேர் போட்டு உக்காந்து, "கண்ணு, அந்த மூலையில இன்னும் அழுக்கு இருக்குது பாரு"ங்கறாங்க.

உங்க வீட்டு மாடி ஜன்னலை யாருங்க துடைக்கறாங்க? எங்கே நின்னு துடைக்கறாங்கன்னு ஒரு தடவை போய்ப் பாருங்க.